தயிர்ச் சட்டி பற்றிய இறுதியாண்டுத் திட்டம்: எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

வாவிமகள் | வெள்ளி, இரவு 8.15

வணக்கம். நான் மட்டக்களப்பில் வடிவமைப்புப் படிக்கிறேன், இறுதியாண்டு. எருமைத் தயிர்ச் சட்டிக்குப் புதிய பொதியிடல் செய்வதுதான் என் திட்டம். நம் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவது குறைவு. உதயதேவி ரயிலில் ஏறினால் இருக்கைக்குக் கீழே எங்கேயாவது ஒரு சட்டி இருக்கும். மேலே கடதாசி, சுற்றிவர ஒரு நூல், அதற்கு வெளியே ஒரு சொப்பிங் பை. இதைவிட நல்லதாக ஒன்று செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் ஆசை.

முன்மொழிவில் ஆய்வு முறை என்ற இடத்தில் "வினாக்கொத்து, நேர்காணல், அவதானிப்பு சேர்ந்த கலப்பு முறை" என்று எழுதியிருந்தேன். மேற்பார்வை செய்யும் சேர் அதை வட்டமிட்டு, "ஏன் மூன்றும்? எந்தக் கேள்விக்கு எது?" என்று எழுதித் திருப்பித் தந்தார். இரண்டு நாளாக யோசிக்கிறேன், பதில் வரவில்லை.

இதற்கிடையில் ஒரு கூகுள் படிவம் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐம்பதுக்கு மேல் பதில் வந்தது. நான் கேட்டவை இப்படி: "தற்போதைய பொதியிடல் உங்களுக்குத் திருப்தியா?", "சூழலுக்கு உகந்த, அழகான பொதியிடல் வந்தால் வாங்குவீர்களா?", "நமது பாரம்பரியத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" ஏறக்குறைய எல்லாரும் முதலாவதுக்கு இல்லை, மற்ற இரண்டுக்கும் ஆம். பதிலெல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு தாளில் ஒரு கோடு கூடப் போட முடியவில்லை. எங்கே பிழைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாலத்தடி | வெள்ளி, இரவு 9.02

தங்கச்சி, ஒரு கோடு கூடப் போட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. பதில் சொன்னவர்கள் மேல் குற்றமில்லை, கேள்விதான் சரியில்லை.

எனக்கு ஊர் மட்டக்களப்பு, கொழும்பில் பத்து வருடமாகப் பொருள் வடிவமைப்பு வேலை. ஆய்வைத் தொடங்கும் முன்பு நாங்கள் ஒரு தாளில் எழுதுவது "நான் எதையெல்லாம் முடிவெடுக்க வேண்டும்?" என்பதைத்தான். உங்கள் திட்டத்தில் அது என்ன? மூடி வேண்டுமா, என்ன பொருளில்? பிடி எங்கே வர வேண்டும்? ஒன்றன் மேல் ஒன்று அடுக்க வேண்டுமா? எத்தனை மணித்தியாலம் தாங்க வேண்டும்? கட்டுவது யார், விற்பவரா வாங்குபவரா? இவற்றில் சிலதை இன்றைக்கே மேசையில் இருந்து முடிவெடுக்கலாம். சிலதுக்கு வெளியே போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும். அந்த இரண்டாவது வகைதான் உங்கள் ஆய்வுக் கேள்விகள். பாரம்பரியத்தைப் பாதுகாக்க வேண்டுமா என்பதற்கு என்ன பதில் வந்தாலும் உங்கள் மூடி மாறப்போவதில்லை. அப்படியான கேள்வியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஆய்வுக் கேள்வி வேறு, ஆளைப் பார்த்து வாயால் கேட்கிற கேள்வி வேறு. "பயணத்தில் சட்டிக்கு என்ன நடக்கிறது?" என்பது ஆய்வுக் கேள்வி. அதை அப்படியே ஒரு ஆச்சியிடம் கேட்டால் "என்ன நடக்கும் மனே, ஒண்டும் நடக்காது" என்பார். அவரிடம் கேட்க வேண்டியது, "கடைசியா எப்ப தயிர் கொண்டு போனீங்க? வாங்கினதில இருந்து சொல்லுங்க." அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

ஜோன் பிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் இதை ஒரு முறையாகவே எழுதினார். உலகப் போர்க் காலத்தில் விமானிப் பயிற்சியில் தோற்றவர்களின் அறிக்கைகளில் "பறக்கும் திறமை இல்லை", "சுபாவம் பொருந்தாது" என்று பொதுப்படையான காரணங்களே இருந்தன. அவற்றை வைத்து ஒன்றும் திருத்த முடியாது. அதனால் இன்ன நாள், இன்ன இடம், இன்னது செய்தார், இப்படி முடிந்தது என்று நடந்த சம்பவங்களைத் திரட்டத் தொடங்கினார்கள். "வாங்குவீர்களா" என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய கேள்வி. நம் ஆட்கள் முகம் முறிக்க மாட்டார்கள். கேட்பது தெரிந்த பிள்ளை என்றால் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி சரியாக வந்துவிட்டால் முறைக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் போய் நின்று பார்க்க வேண்டும். ஏன் என்று தெரியாவிட்டால் இருந்து கதைக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை தரம் என்று தெரிய வேண்டியிருந்தால்தான் எண்ண வேண்டும். உங்கள் சேர் கேட்டது இதைத்தான்.


கொக்கட்டி | வெள்ளி, இரவு 10.40

நான் படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து எருமைப் பட்டி இருக்கிறது. அப்பா இன்றைக்கும் பால் காய்ச்சி ஆறவைக்கிறார், அம்மா உறை ஊற்றுகிறார். அதனால் ஒன்றிரண்டு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சட்டி உடைவது எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. மண்சட்டி தூக்கத் தெரியாத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. இடிக்கிறது வேறு இடத்தில். முன்பு ஊருக்குள் வீடு வீடாகக் கொடுத்தபோது வெறும் சட்டி திரும்பி வரும். கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதிலேயே போடுவோம். இப்போது றோட்டில் வாகனத்தை நிறுத்தி வாங்குகிறவர்கள் சட்டியையும் சேர்த்துக் கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு தயிருக்கும் ஒரு புதுச் சட்டி. அந்தக் காசு எங்கள் கையில் நிற்கிற கொஞ்சத்திலிருந்துதான் போகிறது.

பிளாஸ்டிக் கோப்பைக்கு மாறலாமே என்று கேட்கிறார்கள். சுட்ட மண் தயிரில் உள்ள தண்ணியைக் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் தயிர் இறுகும். அந்த ஈரம் வெளிப்பக்கத்தால் காய்வதால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். சட்டி மூச்சு விடுகிறது என்று அப்பா சொல்வார். பிளாஸ்டிக்கில் அந்தத் தண்ணி போக இடமில்லை, மேலேயே நிற்கும். நீங்கள் என்ன செய்தாலும் இதை மறக்க வேண்டாம். சட்டியைச் சுற்றி இறுக்கி மூடினால் வியர்த்துக் கடதாசி நனைந்துவிடும். சொப்பிங் பையில் வைத்து முடிச்சுப் போடுகிறவர்களிடம் "வாயைத் திறந்து விடுங்க" என்று சொல்லித்தான் அப்பா கொடுப்பார்.

எனக்கு ஒரு கேள்வி. ஒருத்தரையும் கேட்காமலே "புதிய பொதியிடல்" என்று எப்படி முடிவெடுத்தீர்கள்?


வாவிமகள் | சனி, காலை 7.30

கொக்கட்டி அண்ணா, நீங்கள் கேட்டது சரி. விடையைத் தலைப்பில் எழுதிவிட்டுத்தான் கேள்விகளைத் தேடியிருக்கிறேன். ஐம்பது பேரிடம் கேட்டும் வெறும் சட்டி திரும்பி வராத கதை எனக்கு வரவில்லை, ஏனென்றால் விற்கிற ஒருத்தரிடமும் நான் கேட்கவில்லை.

இப்போது இப்படி மாற்றினால் எப்படி: "வாங்கிய இடத்திலிருந்து வீட்டில் திறக்கும் வரை தயிர்ச் சட்டிக்கு என்ன நடக்கிறது, யார் யார் அதைக் கையாளுகிறார்கள்?"

சேர் "வடிவமைப்பினூடான ஆய்வு" என்றும் ஒரு சொல் சொன்னார். அது வேறா? படிவத்தில் வந்த பதில்களைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?


எண்கணக்கு | சனி, காலை 9.10

கல்முனையிலிருந்து. எனக்கு வேலையே கணக்கெடுப்புத்தான். வினாக்கொத்து என்றாலே கூடாது என்பது போல இழை போகிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை.

கொக்கட்டி சொன்னது மதிப்புள்ள தகவல். ஆனால் அது ஒரு வீட்டின் கதை. ஊருக்குள் விற்கிறவருக்கு வெறும் சட்டி இன்றைக்கும் திரும்பி வரலாம். கடைக்கு மொத்தமாகக் கொடுக்கிறவருக்கு அது கடைக்காரரின் தலையிடி. ஐம்பது பேரின் படிவத்தை விட்டுவிட்டு ஒருவரின் பேச்சில் தொங்கினால், ஒரு பிழையை விட்டு இன்னொரு பிழைக்குப் போகிறீர்கள்.

அந்தப் படிவத்தில் எனக்குப் பட்ட பெரிய குறை, யாருக்குப் போனது என்பது. உங்கள் வட்ஸ்அப்பில் இருப்பவர்கள் யார்? கூடப் படிக்கிறவர்கள், சொந்தக்காரர்கள். பட்டிக்காரர் இல்லை, சட்டி வனைகிறவர் இல்லை, றோட்டில் நிறுத்தி வாங்குகிற சிங்களக் குடும்பம் இல்லை. கேள்வியை எவ்வளவு வடிவாக எழுதினாலும் இந்தக் குறை போகாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நாலு பேர், படுவான்கரையில் நாலு பேர், விற்கிறவர், வாங்குகிறவர், செய்கிறவர் என்று பிரித்து ஆளைத் தேடுங்கள்.

ஐந்து பேர் போதும் என்று யாராவது வந்து சொல்வார்கள். இணையத்தளங்களின் பயன்பாட்டைச் சோதிக்கிற ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது அது. ஒரே வகையான பயனர்கள் ஒரே திரையைப் பயன்படுத்திப் பார்க்கும்போது கோளாறுகளில் பெரும்பகுதி முதல் ஐந்து பேரிலேயே தெரிந்துவிடும் என்பதுதான் அவர் சொன்னது. வனைகிறவரும் பயணியும் ஒரே வகை இல்லை. அந்த ஐந்தை இங்கே கொண்டு வர வேண்டாம்.

உங்களுக்கு எண் தேவைப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை ஒருத்தரும் சொல்லவில்லை. சட்டியை அளந்தீர்களா? கையால் வனைந்தது. ஒரு லீற்றர் சட்டி என்று சொல்கிற முப்பது சட்டியை எடுத்து வாய் விட்டம், வயிற்றுச் சுற்று, உயரம் மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு சட்டிக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாமல் மூடி வரைய முடியாது. மனிதரைத்தான் அளக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?


பாலத்தடி | சனி, காலை 10.25

முப்பது சட்டி அளப்பது அருமையான யோசனை. எனக்கு அது தோன்றவில்லை.

வடிவமைப்பினூடான ஆய்வு பற்றி: 1993இல் லண்டன் ரோயல் கலைக் கல்லூரியில் கிறிஸ்டோபர் பிரேலிங் ஒரு பிரிவு சொன்னார். வடிவமைப்பைப் பற்றி ஆராய்வது ஒன்று, வடிவமைப்பைச் செய்வதற்காக ஆராய்வது இன்னொன்று, பொருளைச் செய்து பார்ப்பதையே ஆராயும் வழியாக்குவது மூன்றாவது. நீங்கள் இப்போது நிற்பது இரண்டாவதில். நாளைக்கு நாலு விதமாகக் கட்டிய சட்டிகளை பஸ்ஸில் அனுப்பிப் பார்த்து, அதிலிருந்து கற்றதை எழுதினால் மூன்றாவதுக்குள் வருவீர்கள். சேர் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள், போதும்.

படிவத்தை அழிக்க வேண்டாம். "இப்படிக் கேட்டேன், இதனால் பயன்படவில்லை" என்று அறிக்கையில் ஒரு பந்தி எழுதுங்கள். அதை மறைக்கிறவர்கள்தான் அதிகம்.


தறிநாடா | சனி, பிற்பகல் 2.50

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மருதமுனை. வாப்பா தறிக்காரர், நான் துணி வடிவமைப்பில் இருக்கிறேன்.

தங்கச்சிக்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊரில் கைத்தறிச் சாரம் நெய்கிறவர்களுக்கு உதவியாக ஏதாவது கருவி செய்யலாம் என்று நானும் கூட்டாளிமாரும் இறங்கினோம். வீடு வீடாகப் போய் "வேலையில் என்ன கஷ்டம்?" என்று கேட்டோம். எல்லாரும் நூல் விலையைத்தான் சொன்னார்கள். "அளவெடுப்பதில் சிரமம் இருக்கிறதா?" என்று குறிப்பாகக் கேட்டோம். இல்லை என்றார்கள். சரி, கரை அளவுக்கும் கோட்டு இடைவெளிக்கும் உதவும் என்று நல்ல அளவு நாடா வாங்கிக் கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போனால் நாடா ஆணியில் தொங்குகிறது.

அதன் பிறகுதான் ஒரு நானாவின் தறிக்குப் பக்கத்தில் அரை நாள் பேசாமல் இருந்தேன். அவரிடம் முடிச்சுப் போட்ட ஒரு நூல் இருந்தது. அவருடைய வாப்பாவின் கையிலிருந்து வந்தது. அதைத் துணியில் வைத்து, முடிச்சு வந்த இடத்தில் நிறத்தை மாற்றுகிறார். கண்ணால் எண்ணைப் படிக்கத் தேவையில்லை, விரல் நுனியில் முடிச்சுத் தட்டுப்படும். "இதைப் பற்றி ஏன் சொல்லவில்லை?" என்றால், "நீங்க அளவைத்தானே கேட்டீங்க, இது நூல்" என்கிறார். அவருக்கு அது அளவெடுப்பதே இல்லை.

கையில் ஊறிய வேலையை வாயால் சொல்ல வராது. அதனால் செய்யும்போதே போய், தெரியாத பிள்ளையாகப் பக்கத்தில் இருந்து, "இப்ப என்ன செய்றீங்க, இது ஏன்?" என்று கேட்க வேண்டும். குருவிடம் வேலை பழக வந்த ஆளைப் போல. ஹியூ பேயரும் கரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் கணினித் துறைக்கு இதையே ஒரு ஆய்வு முறையாக 1998இல் எழுதினார்கள். நமக்கு அது பழகிய வழிதான். என் வாப்பாவும் அப்படித்தான் தறி பழகினார்.

சட்டி என்றவுடன் எனக்கு இன்னொன்று ஞாபகம் வருகிறது. சார்ள்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியை இந்திய அரசு அழைத்து, அவர்கள் 1958இல் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவகம் எழுந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். அந்த அறிக்கையில் லோட்டா என்கிற செம்பைப் பற்றி ஒரு இடம் வருகிறது. இதைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் அள்ள வேண்டும், கை எவ்வளவு பெரிது, தலையிலா இடுப்பிலா சுமப்பது, நிரம்பும்போதும் வெறுமையாகும்போதும் பாரம் எப்படி மாறும், ஊற்றும்போது எப்படிச் சரிய வேண்டும், விலை என்ன, உடைந்தால் அந்த உலோகம் என்னவாகும். இவ்வளவையும் தனி ஒருவர் உட்கார்ந்து தீர்க்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்தது என்கிறார்கள். உங்கள் சட்டியும் அப்படி வந்ததுதான். கடதாசியும் நூலும் ஏழ்மையால் வந்த கட்டு என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம். அது ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது. என்ன வேலை என்று கண்டுபிடியுங்கள். நம் வீடுகளில் முன்பு உறி கட்டித் தொங்கவிட்டோமே, அதையும் ஒருக்கால் பாருங்கள்.


திருக்கோவில்_அக்கா | சனி, இரவு 8.05

மகள், நான் வடிவமைப்புப் படித்தவள் இல்லை. கேள்வி கேட்கப்பட்டவள்.

2004 டிசம்பர் 26 எங்கள் வீடு போனது. அதற்குப் பிறகு கொட்டிலில் இருந்த காலத்தில் எத்தனை பேர் படிவத்தோடு வந்தார்கள் என்று எண்ணி முடியாது. பெயர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், என்ன தொழில். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வீடு கட்டித் தந்த நிறுவனமும் கேட்டது. எத்தனை அறை வேண்டும் என்று கேட்டார்கள், சொன்னோம். எங்கே சமைப்பீர்கள், எதில் சமைப்பீர்கள் என்று கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே சின்ன யன்னலோடு ஒரு குசினி வந்தது. விறகு மூட்டினால் புகை மூன்று அறைக்கும் போகும். முதல் கிழமையே பின்பக்கம் ஓலையால் ஒரு குசினி போட்டேன். எங்கள் வரிசையில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். உள்ளே இருக்கிற குசினியில் இன்றைக்கும் நெல் மூட்டை அடுக்கியிருக்கிறது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வந்த பிள்ளை நல்ல பிள்ளை, என்னோடு சேர்ந்து அழுதது. ஆனால் கையில் இருந்த தாளில் அந்தக் கேள்வி இல்லை.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். தாளில் இருக்கிற கேள்வி முடிந்த பிறகு, "நான் கேட்காமல் விட்டது என்ன?" என்று கட்டாயம் கேள். பால் கறக்கிற நேரத்தில் போகாதே. படம் எடுக்க முதல் கேள். வருமானத்தை எடுத்தவுடன் கேட்காதே. செய்து முடித்ததை எடுத்துக்கொண்டு திரும்பிப் போ. எங்களிடம் படிவம் நிரப்பிய ஒருவரும் திரும்பி வந்து என்ன ஆனது என்று சொல்லவில்லை.


பாலத்தடி | சனி, இரவு 9.30

அக்கா, இதை நான் என் அலுவலகத்தில் உள்ள பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன்.

எண்கணக்கு சொன்னதற்கும் இதற்கும் இடையில் ஒரு உதாரணம் இருக்கிறது. நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவகத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டப்புளுவவில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத் திட்டம் ஒன்றை அவர் செய்தார். குடிவரப் போகிறவர்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, அவர்களைச் சந்தித்து, எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்பப் பல வகை வீடுகளை வரைந்தார். அதுவும் வினாக்கொத்துத்தான். ஆனால் பதில் வந்த பிறகு வரைபடம் மாறுகிற மாதிரிக் கேட்டிருக்கிறார்.


எண்கணக்கு | ஞாயிறு, காலை 8.40

அந்த உதாரணத்துக்கு நன்றி. நான் சொல்ல நினைத்தது அதுதான்.

தறிநாடா சொன்னதில் ஒரு சின்ன எச்சரிக்கை. பக்கத்தில் இருந்து பார்த்தால் உண்மை முழுதும் தெரிந்துவிடும் என்று இல்லை. எங்கே நின்று பார்க்கிறோம், எந்த மாதத்தில் பார்க்கிறோம் என்பதும் ஒரு தெரிவுதான். ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு தயிர் வியாபாரம் இப்படித்தான் என்று எழுத முடியுமா?


கொக்கட்டி | ஞாயிறு, காலை 11.15

முடியாது. மாரியில் வெள்ளாமை நிற்கும்போது பட்டியை வயற்பக்கம் வைத்திருக்க ஏலாது, காட்டுப்பக்கம் கொண்டுபோக வேண்டும். வெள்ளம் வந்தால் பால் கொண்டுவர றோட்டும் இல்லை. அறுவடைக்குப் பிறகு கதை வேறு. பிப்ரவரியில் கேட்டால் ஒரு பதில், ஜூலையில் கேட்டால் இன்னொரு பதில் வரும். கேட்ட திகதியையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் சட்டியைப் பற்றிக் கேட்கப் போவீர்கள். பட்டிக்காரர் மேய்ச்சல் தரையைப் பற்றிக் கதைப்பார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினைக்காக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் றோட்டோரம் இருந்து போராடத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முதல் கவலை அது. தலைப்புக்கு வெளியே என்று இடையில் வெட்டாமல் கேளுங்கள். உங்கள் மூடியால் அது தீராது. ஆனால் பால் இல்லாவிட்டால் சட்டி எதற்கு?


தறிநாடா | ஞாயிறு, பிற்பகல் 4.20

பயணத்தைப் பற்றி ஒரு யோசனை. ஒவ்வொரு சட்டியோடும் நீங்கள் கொழும்புக்குப் போக முடியாது. பில் கேவர் என்ற வடிவமைப்பு ஆய்வாளரும் கூட்டாளிமாரும் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. ஐரோப்பாவில் மூன்று ஊர்களில் இருந்த வயதானவர்களிடம் ஒரு பொதி கொடுத்தார்கள். தபாலட்டை, வரைபடம், ஒரு கமரா. அவர்கள் தங்கள் பாட்டில் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். கலாசாரத் துழாவிகள் என்று அதற்குப் பெயர். நீங்கள் அவ்வளவு செய்யத் தேவையில்லை. சட்டியின் கழுத்தில் ஒரு சின்ன அட்டையைக் கட்டி, போய்ச் சேர்ந்ததும் ஒரு குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். நம் ஆட்கள் எழுதப் பஞ்சிப்படுவார்கள், ஆனால் குரலில் ஐந்து நிமிடம் பேசுவார்கள்.


வாவிமகள் | அடுத்த வெள்ளி, இரவு 9.45

ஒரு கிழமையாக எழுதாததற்கு மன்னியுங்கள். மூன்று நாள் காலையில் றோட்டோரத் தயிர்க் கடை ஒன்றில் நின்றேன். முதல் நாள் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, யார் வருகிறார்கள், சட்டியை எப்படித் தொடுகிறார்கள் என்று மட்டும் எழுதினேன்.

கடதாசி என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன், தறிநாடா நானா. வாகனத்தை நிறுத்துகிறவர் இறங்கியவுடன் கேட்பது விலை இல்லை. கடைக்கார அக்கா நூலைத் தளர்த்திக் கடதாசியை ஒதுக்கி, சட்டியை ஒரு பக்கம் சரித்துக் காட்டுகிறார். தயிர் அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறார்கள். சிலர் தாங்களே வாங்கிச் சரித்துப் பார்க்கிறார்கள். ஒரே சட்டி ஒரு காலையில் நாலு தரம் திறந்து மூடப்பட்டதை எண்ணினேன். விற்றுப்போன பிறகு கடதாசியை மாற்றி, நூலை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போடுகிறார். எனக்குக் கைகால் ஓடவில்லை. நான் வரைந்து வைத்திருந்த மூடி முத்திரையிட்டது போல இறுக்கமானது. அதைப் போட்டிருந்தால் அவர்களுக்கு வியாபாரமே நடந்திருக்காது.

இரண்டாம் நாள் அந்த அக்காவிடம் கேட்டேன், "நான் கேட்காமல் விட்டது என்ன?" என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதையெல்லாம் கட்டுறது யாரு எண்டு நீ கேக்கல்ல" என்றார். பின்னேரம் வரை ஒரு கையால் கட்டி, ஒரு கையால் காசு வாங்குவது அவர்தான். இரண்டு கையும் தேவைப்படுகிற எதுவும் அவருக்குச் சரிவராது. இதை நான் நூறு கேள்வி எழுதியிருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

சட்டியும் அளந்தேன். முப்பது கிடைக்கவில்லை, இருபத்திரண்டு. ஒரே ஆள் வனைந்த ஒரே அளவுச் சட்டிகளில் கூட வாய் விட்டம் ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசப்படுகிறது. வனைகிற ஐயாவிடம் இதைக் குறையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டு கேட்டேன். "மண்ணு சுடும்போது தன் பாட்டுக்குச் சுருங்கும் பிள்ளை" என்றார். ஆகவே மூடி என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். இழுத்துக் கட்டுகிற ஒன்றுதான் எல்லா வாய்க்கும் பொருந்தும்.

கொக்கட்டி அண்ணா சொன்ன சட்டிக்காசும் வந்தது. ஆனால் எல்லாரிடமும் இல்லை. ஊருக்குள் கொடுக்கிற இரண்டு வீட்டில் வெறும் சட்டி இன்றைக்கும் திரும்பி வருகிறது. எண்கணக்கு அண்ணா சொன்னது போலத்தான்.

குறிப்புகளை எப்படித் தொகுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். கொப்பி நிறைய இருக்கிறது.


பாலத்தடி | வெள்ளி, இரவு 10.30

இந்த மூன்று நாளில் நீங்கள் கண்டதற்கு முன்னால் என் பத்து வருட அனுபவத்தில் பாதியை வைக்கலாம்.

தொகுப்பதற்கு: ஒரு துண்டுத் தாளில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். நடந்தது மட்டும், உங்கள் கருத்து வேண்டாம். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எது எதோடு சேர விரும்புகிறது என்று பாருங்கள். முதலே தலைப்பு வைத்துவிட்டு அதற்குள் திணிக்கக் கூடாது. கவகித்தா ஜிரோ என்ற ஜப்பானியர், நேபாள மலைக் கிராமங்களில் களவேலை செய்தவர், தன் குறிப்புகளை இப்படித்தான் கையாண்டார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது கே.ஜே. முறை என்று அழைக்கப்படுகிறது. எங்கும் சேராமல் தனியே கிடக்கிற துண்டைக் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். "கட்டுறது யாரு" என்பது அப்படி ஒரு துண்டுதான்.

சேருக்கு எழுதும்போது மூன்று முறைகளும் இப்போதும் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் கேள்வி இருக்கும்.


வாவிமகள் | சனி, இரவு 7.20

முன்மொழிவைத் திருப்பி எழுதிவிட்டேன். தலைப்பில் பொதியிடல் என்ற சொல் இல்லை. ஆய்வுக் கேள்வி இது: "விற்கும் இடத்தில் பலமுறை திறந்து காட்டவும், விற்ற பின் பயணத்துக்கு இறுக்கவும், ஒரு கையால் கட்டவும் கூடியதாக, அளவு ஒத்துவராத மண்சட்டியின் வாயை எப்படி மூடலாம்?" காட்டுவதும் கட்டுவதும் எப்படி நடக்கிறது என்பதற்கு அவதானிப்பு. வனைகிற ஐயாவோடும் பட்டிக்காரரோடும் நேர்காணல். சட்டி அளவு எண்ணில். பயணத்துக்குத் தறிநாடா நானா சொன்ன அட்டை. வெறும் சட்டி திரும்பி வருவது தனித் திட்டமாகச் செய்ய வேண்டிய விஷயம், அதையும் ஒரு பந்தியில் எழுதியிருக்கிறேன்.

அட்டையில் எழுதியிருப்பது: "வணக்கம். இந்தச் சட்டி வழியில் எங்கே உடைந்தது, எங்கே கசிந்தது என்று கீழே உள்ள இலக்கத்துக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவீர்களா?" சரியா?


திருக்கோவில்_அக்கா | சனி, இரவு 8.50

சரியில்லை மகள். உடைந்தது, கசிந்தது என்று நீயே சொல்லிவிட்டால், ஒன்றும் நடக்காமல் கொண்டு போனவர் நமக்கில்லை என்று விட்டுவிடுவார். அவர் எப்படிக் கொண்டு போனார் என்பதுதான் உனக்குத் தேவை. "சட்டி வீடு வந்து சேர்ந்ததா? வாங்கினதிலிருந்து எங்கெங்கே வைத்துக் கொண்டு வந்தீர்கள், திறந்தபோது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்" என்று எழுது. சிங்களத்திலும் எழுதிக் கட்டு.


வாவிமகள் | சனி, இரவு 11.10

மாற்றிவிட்டேன் அக்கா. இருபது அட்டை தமிழில், இருபது சிங்களத்தில். சிங்களத்தைக் கூடப் படிக்கிற தோழி ஒருத்தி எழுதித் தந்தாள். நாளைக்குக் கடைக்கார அக்காவிடம் கொடுக்கிறேன். அட்டையில் துளை போட்டு, அவர் சுற்றுகிற அதே நூலிலேயே கோர்த்துக் கட்டுகிற மாதிரிச் செய்திருக்கிறேன், இன்னொரு முடிச்சு அவருக்கு வேலையாக வந்துவிடக் கூடாது.